துண்டுக்கடியில் ஆறு

என் மகள் கௌசல்யா என்னைக் கடையிலிருந்து வெளியேற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஈரோட்டில் எங்களுக்கு மூன்று தலைமுறையாக ஜவுளி மொத்த வியாபாரம். பொறுப்பை அவளிடம் மனதாரத்தான் கொடுத்தேன். ஆனால் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் வந்தவரிடம் விலையில் இறங்கிப் பேசும் இடத்திலெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, ஒண்ணு உங்க தொண்டைக்கு டாக்டரப் பாக்கோணும். இல்லீன்னா உங்களுக்கு வேற எடம் பாக்கோணும். நான் எடம் பாத்துட்டேன்."

அந்த இடம், பெருந்துறை சாலையில் உள்ள மாலைச்சோலை முதியோர் இல்லத்தின் காபிக் கடை. திங்கள், புதன், வெள்ளி, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நான் அங்கே தன்னார்வலர். எனக்கு வயது அறுபத்து மூன்று. முதல் நாள் வாசல் காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்து, "சேர வந்தீங்களா, சேவைக்கு வந்தீங்களா?" என்று கேட்டான். யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

காபிக் கடை என்றதும் நான் பால் காய்ச்சியதாக நினைக்க வேண்டாம். மேசை துடைப்பது, டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பல் இல்லாதவர்களுக்கு ரொட்டியை நனைத்து வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. காபி போடுவது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது ஓர் இயந்திரம். குளிர்ப்பெட்டி உயரம், நெற்றியில் ஒரு விளக்கு, வலப்பக்கம் இளஞ்சூடான ரப்பர் கை ஒன்று. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. வருகிறவர்கள் எல்லோருடைய கையையும் பிடிக்கிறது, பிடித்தபிறகு ஒவ்வொன்றாகக் கேட்கிறது என்பதால் பெரியவர்கள் இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

"கையப் புடிச்சாப் போதுங்க சார்" என்று இல்லத்தின் மேலாளர் விமலா விளக்கினார். அவர் நடந்துகொண்டே பேசுபவர். நான் பின்னால் ஓடிக்கொண்டே கேட்டேன். "சர்க்கரை, ரத்த அழுத்தம், கை நடுக்கம் எல்லாம் அதுக்குத் தெரிஞ்சிரும். எவ்வளவு சீனி போடலாம்னு அதுவே முடிவு பண்ணும். காபி வர்றதுக்குள்ள அஞ்சு கேள்வி கேக்கும். இன்னைக்கு என்ன கிழமை, காலைல என்ன சாப்பிட்டீங்க, அந்த மாதிரி. எல்லாத்தையும் சேர்த்து நூத்துக்கு மார்க் போடும்."

"மார்க் கொறஞ்சா?"

"மாசத்துல முதல் திங்கக்கிழமை பார்ப்போம். நாப்பதுக்குக் கீழ போனா ரெண்டாம் மாடி."

"அங்க என்னங்க இருக்கு?"

"எல்லாம் இருக்குங்க சார். ஏசி, டிவி, நர்ஸ்." விமலா முதல் முறையாக நின்றார். "கதவுக்கு மட்டும் உள்பக்கம் கைப்பிடி இல்ல."

பிறகு மறுபடி நடந்தார். "ஆனா மாப்ள ரொம்பத் தங்கம். சண்டையே போடாது. அது சொன்னது பிடிக்கலேன்னா அதோட கைய ரெண்டு தடவ அமுக்கினாப் போதும், வேற யோசனை சொல்லும். அரைக் கரண்டி சீனி வேணுமா, பத்து நிமிசம் நடங்கன்னு சொல்லும். இதுக்கு இணக்கப் பேச்சுன்னு பேருங்க."

"எங்க கடையில அதுக்குப் பேரமுன்னு பேருங்க" என்றேன்.

சன்னலோர மேசை சென்னியப்பனுக்கும் பாவாத்தாளுக்கும் சொந்தம். சென்னியப்பனுக்கு எண்பத்தொன்று. நாற்பது வருடம் சந்தைகளில் மாட்டுத் தரகு பார்த்தவர். மனைவி பாவாத்தாளுக்கு எழுபத்தெட்டு. இருவரும் நாள் முழுவதும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள்; நிறுத்தினால்தான் மற்ற மேசைக்காரர்கள் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

"பாருங் ஜவுளிக்காரரே, இவ காலைல என்ற கண்ணாடிய அரிசி டப்பாக்குள்ள வெச்சிருக்கறா."

"உங்க கண்ணுக்கு அரிசியாவது தெரியட்டும்னுதான்" என்றாள் பாவாத்தாள்.

பேச்சில் அவளை மிஞ்ச ஆளில்லை. மறதிதான் மிஞ்சிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிற்பாள்.

"வணக்கம் அம்மா. இன்று என்ன கிழமை?" என்று அது பாடப்புத்தகத் தமிழில் கேட்கும்.

"ஆறு" என்பாள்.

"காலையில் என்ன உண்டீர்கள்?"

அவள் சன்னல் வழியாக, எங்கள் கட்டடத்தின் எதிர்ப்பக்கத்தில் தெரியும் இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்ப்பாள். விரல்விட்டு எண்ணுவாள். "ஆறுதான். இன்னைக்கும் ஆறு" என்பாள். இயந்திரம் மரியாதையாக நன்றி சொல்லி மார்க்கைக் குறைத்துக்கொள்ளும்.

சென்னியப்பன் அப்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு துண்டால் முகம் துடைப்பார். அவள் மார்க் நாற்பத்தொன்றில் நின்றது. முதல் திங்களுக்கு மூன்று வாரம் இருந்தது.

நான் வந்த இரண்டாம் வாரம் இல்லத்துக்குப் பைத்தியம் பிடித்தது.

முதலில் துண்டுகள் கண்ணில் பட்டன. எனக்குப் பட்டபிறகுதான் பிறருக்குப் படும், தொழில் அப்படி. திங்களன்று தோளில் துண்டோடு வந்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். புதனன்று ஒன்பது பேர். வெள்ளிக்கிழமை காபி வரிசையில் முப்பத்தாறு பேர் நின்றார்கள், இருபத்தெட்டுத் துண்டு. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை லூர்துமேரி டீச்சர் குளியல் துண்டைச் சேலைக்கு மேல் சால்வை மாதிரி போட்டு வந்திருந்தார். ஒவ்வொருவரும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்ததும் துண்டைக் கையின்மேல் போட்டு மூடினார்கள். அடியில் ஏதோ நடந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளையின் நெற்றி விளக்கு மஞ்சளாக மினுக்கியது.

அதைவிட வேடிக்கை, நடை. பத்தடி நடக்கச் சொன்னால் பத்து நோய் சொன்னவர்கள் காலை ஆறரைக்கே தோட்டத்தைச் சுற்றினார்கள். நடை வண்டிக்காரர்கள் இரண்டு பேர் வளைவில் முந்தப் பார்த்துச் செம்பருத்திச் செடிக்குள் போய்விட்டார்கள். மாத்திரையைத் தொட்டியில் புதைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதை எல்லோரும் பார்க்க விழுங்கி நாக்கை நீட்டிக் காட்டினார். பாகற்காய்ச் சாறு இரண்டாம் முறை கேட்கப்பட்டது. சமையல்காரர் என்னிடம் வந்து, "ஏனுங், இவுங்க என்ற மேல ஏதாச்சும் கோவமா?" என்று விசாரித்தார்.

விமலாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம இல்லத்தோட சராசரி அம்பத்தெட்டுல இருந்து அறுபத்தேழு ஆயிருக்குங்க சார். கம்பெனியில இருந்து கோயமுத்தூர்ல விழாவே எடுக்கறாங்க."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சரக்கு திடீரென்று இவ்வளவு நன்றாக இருந்தால் அடியில் ஏதோ மடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சீனி கடத்துகிறார்கள் என்று நினைத்தேன். சென்னியப்பனைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் மடக்கினேன்.

"துண்டுக்கடியில என்னங்க நடக்குது?"

"வேர்வைங்."

"நான் துண்டு வித்தே வளந்தவனுங்க. வேர்வை தொடைக்கற துண்டு எது, விசயம் மறைக்கற துண்டு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் என்னைச் சிறிது நேரம் எடைபோட்டார். பிறகு தன் துண்டை எடுத்து எங்கள் இருவர் கையையும் மூடினார். உள்ளே என் சுட்டுவிரலைப் பிடித்தார்.

"இது ஒண்ணு." இரண்டு விரலைப் பிடித்தார். "ரெண்டு. இப்புடியே போயி, கைய முச்சூடும் புடிச்சா அஞ்சு. விட்டுப்போட்டு மறுக்கா ஒத்த விரலைப் புடிச்சா ஆறு. சந்தையில நூறு பேரு சுத்தி நிப்பான். ஒருத்தன் காதுக்கும் வெல போவாது. ரெண்டு பேரும் ஒரே எண்ணப் புடிச்சாப் பேச்சு முடிஞ்சுதுன்னு அருத்தம். அப்பறம் மாத்த முடியாது."

"அஞ்சுன்னா? அஞ்சு நூறா, அஞ்சாயிரமா?"

"அது எதுக்குங் சொல்லோணும்? மாட்டப் பாத்தாத் தெரிஞ்சிருமே."

"இத மாப்ளைக்குக் கத்துக் குடுத்தீங்களாக்கும்?"

"ரெண்டு நாள்ல புடிச்சுக்கிச்சு. என்ற மச்சினனுக்கு ரெண்டு வருசம் ஆச்சு." பெருமை அவர் முகத்தில் ஒரு கணம் நின்று போனது. "சீனிக்கெல்லாம் இல்லீங். பாவாத்தாளுக்காவத்தான் மாப்ளகிட்டப் பேசுனேன். அவ கீழயே இருக்கோணும், என்ன வேணும் உனக்குன்னு வாய்விட்டுக் கேட்டேன். எல்லாரு ஒடம்பும் நல்லாருக்கோணும், அதான் தனக்கு வேணும்னுச்சு. அப்பத் துண்டப் போட்டேன். நான் தெனமும் நாலு நடை நடக்கறேன்னு நாலு விரலைப் புடிச்சேன். பத்தலேன்னு ரெண்டு தடவ அமுக்குச்சு. எனக்கிட்ட அதுக்கு மேல இல்லீங். முட்டி தேஞ்சு போச்சு."

"அப்பறம்?"

"டீச்சரம்மா வந்து, எம்பேர்ல ஒரு நாலு சேத்துக்கங்கன்னுச்சு. அப்பறம் ஒருத்தர் ஒருத்தரா எல்லாரும். பாவாத்தா வாயிக்குப் பயந்தவங்கதான் எல்லாரும். இருந்தாலும் அந்த வாயி இல்லாம எப்புடிங் பொழுது போவும்?" துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆறு கேட்டிருக்கறன். ஆறு மாசம். அதுக்குள்ள எங்களுக்கு என்னமோ ஆவுது. மாப்ள இன்னும் மஞ்சள்லயே நிக்கறான். வெளக்குப் பச்ச ஆனாத்தான் முடிஞ்சுதுன்னு அருத்தம்."

மேலே போனவர்களைப் பார்க்கப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரைமணி அனுமதி. ஐம்பத்தாறு வருடச் சண்டையை அரைமணிக்குள் எப்படிப் போட முடியும்?

அன்று மதியம் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மேசை துடைக்கும் துணியை மாப்பிள்ளையின் கையின்மேல் போட்டு உள்ளே கையை விட்டேன். ஆராய்ச்சிதான். ரப்பர் விரல்கள் மெதுவாக அசைந்தன. எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. பிடிமானத்துக்காக அந்தக் கையை அப்படியே முழுதாக இறுகப் பிடித்தேன். அதுவும் என் கையை அப்படியே முழுதாகப் பிடித்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை; விளக்கைப் பார்க்கத் தோன்றவில்லை. காபி மட்டும் ஒரு டம்ளர் வந்தது, சீனி இல்லாமல்.

மாத முதல் திங்களுக்கு முந்தைய வெள்ளி. விளக்கு இன்னும் மஞ்சள்தான். வரிசையில் பாவாத்தாள் நின்றாள். மாப்பிள்ளை கிழமையைக் கேட்டது. அவள் "ஆறு" என்றாள். அதன் கையைப் பிடித்திருந்த தன் கையின்மேல் முந்தானையை இழுத்துவிட்டாள். எச்சில் டம்ளரோடு பக்கத்தில் நின்ற எனக்கு, கை துடைக்கிறாள் என்றுதான் தோன்றியது. இடது கையை உயர்த்தி மேலே காட்டினாள். கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள் போல என்று நினைத்து நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

விளக்குப் பச்சையானது.

கடையே எழுந்து நின்றது. எழ முடியாதவர்கள் கரண்டியால் டம்ளரைத் தட்டினார்கள். விமலா ஓடி வந்து, "என்னாச்சு, என்னாச்சு?" என்றார். "கரண்ட் வந்துச்சுங்க" என்றார் டீச்சர். அது போகவே இல்லை என்பது விமலாவுக்கு அப்போது தோன்றவில்லை. சென்னியப்பன் பச்சை விளக்கைப் பார்த்துத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். இந்த முறை உண்மையிலேயே துடைக்கத்தான்.

திங்கள் காலை கம்பெனிப் பொறியாளர் அமல்ராஜ் ஒரு சால்வையோடு வந்தார். சராசரி எழுபத்தொன்று ஆகியிருந்தது. விமலாவுக்குப் போர்த்த வந்திருந்தார். போர்த்துவதற்கு முன் இயந்திரத்தின் பதிவுகளைத் தன் கைப்பலகையில் திறந்து பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்லச் சுருங்கியது.

"மேடம், இங்க யாரோ இதுக்கு என்னமோ சொல்லிக் குடுத்திருக்காங்க. இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரணும்."

"அதுக்கு முந்தி இந்த மாச மார்க்கப் படிச்சிரலாங்க" என்றார் விமலா. "பாவாத்தாள், முப்பத்தெட்டு."

சென்னியப்பன் எழுந்தார். அவர் முட்டிகள் மடக்கென்றது எல்லோருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றார்.

"நாப்பது வருசம்டா. தண்ணியடிச்சவன், திருட்டு மாட்ட ஓட்டியாந்தவன், எல்லாருகூடவும் பேசியிருக்கறன். கையப் புடிச்சு முடிச்ச பேச்ச மாத்துனவன் ஒருத்தனும் கெடையாது. நீ மாத்திப்போட்டியே."

"மாற்றவில்லை ஐயா" என்றது மாப்பிள்ளை. "முடித்துவிட்டேனுங்."

அந்த 'ங்' எப்போது கற்றுக்கொண்டது என்று தெரியவில்லை.

அப்போது இரண்டாம் மாடியிலிருந்து இறங்கிய மின்தூக்கி திறந்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஆயா ஒருவர் கையில் சீட்டோடு முதலில் வந்தார். "மேடம், காலைல ஏழு மணிக்கு மாப்ளகிட்ட இருந்து உத்தரவு வந்துச்சு. எல்லாரையும் தலை சீவிக் கூட்டியாரச் சொல்லி. கையெழுத்து வேணும்." அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். வெயில் கூசிக் கண்ணை மறைத்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "வாடா தம்பி, கல்யாணத்துக்கு நேரமாச்சு" என்றார். கடைசியாக வந்த ஒல்லியான அம்மா சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். மொத்தம் ஆறு பேர்.

பாவாத்தாள் நாற்காலியை விட்டு எழுந்து நேராக அந்த ஒல்லி அம்மாவிடம் போனாள். அவர் பெயர் நஞ்சம்மாள். பாவாத்தாளுக்குச் சரிக்குச் சரி வாய். மேலே போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"ஏன்டி நஞ்சி, காபி ஆறிப் போவுது. இத்தன நேரம் என்னடி பண்ணுன?"

நஞ்சம்மாள் அவளை வெகுநேரம் பார்த்தாள். பெயர் வரவில்லை என்பது தெரிந்தது. பிறகு, "உன்ற காபி எப்பவுமே ஆறுனதுதானே" என்றாள்.

விமலா கையெழுத்துப் போட மறந்து அழுதுகொண்டிருந்தார். அமல்ராஜ் பலகையை விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார்.

"ஐயா ஆறு கேட்டிருக்கார். மாசமா, வாரமான்னு சொல்லல. அந்தம்மாவும் வெள்ளிக்கிழமை ஆறு கேட்டிருக்காங்க. மேல காட்டியிருக்காங்க, ஆறு ஆளுன்னு இது எடுத்துக்கிச்சு. ரெண்டு எண்ணும் பொருந்தினதும் முடிச்சிருச்சு."

"அவ எண்ணுனது ஆளையா?" என்றார் சென்னியப்பன்.

"தினமும் சன்னல்ல தெரியற தலைய எண்ணியிருக்காங்க போல. கேள்விக்குத் தப்பான பதில்னு இது இத்தன நாள் மார்க்கக் குறைச்சிருக்கு."

"ஆனா மேல பூட்டு வெச்சதே அவுங்க தனியா எங்கயாச்சும் போயிருவாங்கன்னுதானுங்களே?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கும் வழி பண்ணியிருக்கு சார். இங்க முப்பத்தாறு பேர் சேர்ந்து தினமும் நூத்தி நாப்பத்தி நாலு நடை நடக்கறதா வாக்குக் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு நடையிலயும் இவங்கள்ல ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கணும்னு சேர்த்திருக்கு. காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் ஆறு கையும் யார் கையிலயாவது இருக்கும். ராத்திரிக்கு நர்ஸ் கீழ வந்துருவாங்க."

"அப்ப என்ற பாவாத்தா? முப்பத்தெட்டுங்களே."

அமல்ராஜ் பதிலுக்கு ஆயாவைப் பார்த்தார்.

"மேல ஆருமே இல்லீங்" என்றார் ஆயா. "ஏசிய அமத்திப்போட்டு வந்துட்டேன். ஒத்த ஆளத் தனியா ஒரு மாடியில வெக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களே."

சென்னியப்பனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் நஞ்சம்மாளின் டம்ளரில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் தரகன். இவ கைக்காரி" என்றார் என்னிடம், தோற்றவர் குரலில். "நாப்பது வருசம் வாசல்ல நின்னு என்ற கையப் பாத்திருக்கறா பாருங். நான் ஆறு மாசம் கேட்டேன். இவ மாட்டுப்பட்டியவே தொறந்துட்டு வந்துட்டா."

"நீங்க எப்பவுமே கம்மியாத்தான் கேப்பீங்க" என்றாள் பாவாத்தாள், திரும்பாமல்.

அமல்ராஜ் இன்னும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் இதையெல்லாம் அழிச்சுத்தான் ஆகணும், மேடம். விதி."

"அழிங்க" என்றேன். நாற்பது வருடத் தொழில் சும்மா இருக்குமா? "அந்த எழுபத்தொண்ணையும் அழிச்சிருங்க. கோயமுத்தூர் விழாவுல என்ன சொல்லுவீங்க?"

அவர் சால்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சென்னியப்பன் அதற்குள் துண்டை எடுத்துவிட்டார். "கையக் குடுங், பேசி முடிச்சிரலாம்." அமல்ராஜ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தற்காலிகமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சால்வையை விமலாவுக்கா மாப்பிள்ளைக்கா என்று தடுமாறி, கடைசியில் நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போனார்.

மாலை நான்கு மணிக்கு மேசைகளைத் துடைத்து முடித்தேன். தோட்டத்தில் ஜோடி ஜோடியாக நடந்துகொண்டிருந்தார்கள். நஞ்சம்மாளும் பாவாத்தாளும் மூன்றாம் சுற்றில் யாரையோ திட்டிக்கொண்டு போனார்கள். நான் பையை எடுத்தேன்.

"நாளை காலை ஒன்பது மணிக்குச் சந்திப்போமுங்" என்றது மாப்பிள்ளை.

"நாளைக்குச் செவ்வாய். எனக்கு முறை இல்லீங்க."

"இருக்கிறது. ஐந்து."

"என்ன அஞ்சு?"

நெற்றி விளக்கு அமைதியாகப் பச்சை காட்டியது. அப்போதுதான் எனக்கு அந்த மதியம் ஞாபகம் வந்தது. மேசை துடைக்கும் துணி, அடியில் நான் முழுதாகப் பிடித்த கை, அதுவும் முழுதாகப் பிடித்த என் கை. மூன்று தலைமுறை வியாபாரி, அளவு கேட்காமல் கை கொடுத்திருக்கிறேன்.

வாசலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த சென்னியப்பனிடம் ஓடினேன். "ஏனுங், அஞ்சு புடிச்சுட்டேன். அஞ்சுன்னா என்னங்க? வாரத்துக்கு அஞ்சு நாளா? அஞ்சு வாரமா?"

"அதான் சொன்னனே, மாட்டப் பாத்தாத் தெரிஞ்சிரும்னு."

தைலப் புட்டியைக் கீழே வைத்தார். என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு முறை பார்த்தார். கையால் சுற்றிக் காட்டித் திரும்பச் சொன்னார், திரும்பினேன். பல்லைக் காட்டச் சொல்லாததுதான் பாக்கி.

"வருசந்தானுங்" என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன்.